டாக்டரம்மா பதில்கள்: கோதுமை ஒத்துக்கலைன்னா எந்த டாக்டர்கிட்டப் போறதுங்க?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கமுங்க. எனக்கு 38 வயசு, காங்கேயம் பக்கம் தோட்டத்துல குடியிருக்கறமுங்க. வூட்டுக்காரருக்குச் சக்கரை வந்ததுல இருந்து எல்லாருக்கும் ராத்திரிக்குச் சப்பாத்திதான், காலைல பாதி நாள் கோதுமை ரவை உப்புமா. கொஞ்ச வருசமா எனக்கு வவுறு பொம்முன்னு ஊதிக்குது, சாப்புட்டு எந்திரிச்சா உடனே பாத்ரூம் ஓடோணும், அசதி தாங்க முடியல. ரத்தம் 8.2தான் இருக்குதுன்னு அயர்ன் மாத்திரை குடுத்தாங்க, மாசக்கணக்கா முழுங்கியும் ஏறவே மாட்டேங்குது. ஒரு பெரிய ஆஸ்பத்திரில வாய் வழியா கொழாய் வுட்டுப் பாத்துட்டு, லேசா புண்ணு இருக்குது, வேற ஒன்னுமில்லைன்னு அனுப்பிட்டாங்க. எங்க கொழுந்தனார் சம்சாரம் யூடியூப்ல பாத்துட்டு 'அக்கா, இது குளூட்டன் ஒத்துக்காத சீக்கு'ன்னுச்சு. அன்னைல இருந்து ரெண்டு மாசமா கோதுமையத் தொடறதில்லைங்க, கொஞ்சம் பரவால்ல. இப்ப டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம்னா யாருகிட்டப் போறதுன்னே தெரியல. ஒருத்தர் அலர்ஜி டாக்டருங்கறாங்க, ஒருத்தர் கேஸ்ட்ரோங்கற வவுத்து டாக்டருங்கறாங்க, எங்க மாமியா வவுத்துல புழு, பேதிக்குக் குடிங்கறாங்க. ஒரு வழி சொல்லுங்க.
— பேர் வேண்டாமுங்க, காங்கேயம்

பதில்: அம்மிணி, மொதல்ல மாமியார் பேச்ச எடுத்துக்கறேன், ஏன்னா அதுல பாதி நெசம். தோட்டத்துல வெறுங்கால்ல நடக்கறவங்களுக்குக் கொக்கிப்புழு ஏறி கொடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும், மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாததுக்கு அது ஒரு காரணம், அதனால மலம் டெஸ்ட் ஒன்னு எடுத்தே ஆகோணும். மாசாமாசம் உதிரம் அதிகமாப் போகுதாங்கறதயும் டாக்டர் கேக்கோணும், நீங்களும் கூச்சப்படாம சொல்லோணும். ஆனா ரத்தக்கொறை, உப்புசம், வவுத்தால போறது மூனும் ஒட்டுக்கா இருந்து மாத்திரையும் எடுபடலைங்கறப்ப, கொழுந்தனார் சம்சாரம் சொன்னதத் தள்ளிவுட முடியாதுங்க. அந்தப் புள்ள சொன்ன சீக்கு சரியாக்கூட இருக்கலாம், செய்யச் சொன்ன வரிசைதான் தலைகீழு.

டெஸ்ட் மொதல்ல, கோதுமைய நிறுத்தறது அப்பறம். ஏன்னு சொல்றேன். சீலியாக்னு ஒரு வியாதி இருக்குது, கோதுமைலயும் பார்லிலயும் இருக்கற குளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா சில பேரு ஒடம்பு அதுக்குப் பதிலா தன்னோட சிறுகொடலயே தாக்கும். சத்த உறிஞ்சறதுக்குன்னு கொடல்ல இருக்கற பொடிப்பொடி விரல் மாதிரியான மடிப்பெல்லாம் தேஞ்சு மழுங்கிப் போகும், அப்பறம் அயர்ன் எப்புடி ஏறும்? இந்தத் தாக்குதல் நடக்குதாங்கறத ரத்தத்துல இருக்கற எதிர்ப்பொருள வெச்சுதான் புடிக்கறோம். கோதுமைய நிறுத்துன நாள்ல இருந்து அந்த எதிர்ப்பொருள் கொறைய ஆரம்பிச்சுரும், கொடலும் மெல்ல ஆறிக்கும். அதுக்கப்பறம் டெஸ்ட் எடுக்கறது, திருடன பஸ் ஏத்தி வுட்டுட்டு போலீஸக் கூப்படற கதைதான்.

பதறாதீங்க, ரெண்டு மாசத்துல எல்லாம் அழிஞ்சு போயிருக்காது, பல பேருக்கு இன்னும் காட்டும். அதனால இப்பவே ஒருக்கா ரத்த டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம். பாசிட்டிவ்னா வேலை சுலபமாச்சு. நெகட்டிவ்னா அத நம்பி 'ஒன்னுமில்ல'ன்னு உக்காரக்கூடாது, டாக்டர் பார்வைல மறுபடி கோதுமை சாப்புட்டு எடுக்கோணும். இங்கிலாந்து வழிகாட்டுதல்படி குறைஞ்சது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல குளூட்டன் இருக்கற சாப்பாடு. நம்ம கணக்குல மத்தியானம் ஒரு சப்பாத்தி, ராத்திரி ஒரு சப்பாத்தி போதும், பரோட்டா கடைக்கெல்லாம் ஓட வேண்டியதில்ல. உங்களுக்கு ரத்தம் 8.2ங்கறதால இத வூட்லயே நீங்களா ஆரம்பிக்காதீங்க, நடுவுல ரொம்ப முடியலைன்னா என்ன பண்றதுன்னு மொதல்லயே டாக்டர்கிட்டக் கேட்டுட்டு ஆரம்பிங்க. வவுத்துல புள்ளை இருக்கற பொம்பளைங்களுக்கு இப்புடி மறுபடி கோதுமை தின்னு பாக்கற சோதனை வேண்டாம்.

இப்ப எந்த டாக்டர்ங்கறதுக்கு வர்றேன். எடுத்த எடுப்புல கோயமுத்தூருக்கு வண்டி கட்ட வேண்டியதில்லைங்க. மொதல் ரத்த டெஸ்ட்ட உங்க ஊர்லயே இருக்கற எம்.டி. பொது மருத்துவம் படிச்ச டாக்டர் எழுதிக் குடுக்கலாம். அவர்கிட்ட நேராவே கேளுங்க, 'சார், எனக்கு சீலியாக் இருக்குமான்னு பாக்கோணும், டிடிஜி ஐஜிஏவும் கூடவே டோட்டல் ஐஜிஏவும் எழுதிக் குடுங்க'ன்னு. டிடிஜி ஐஜிஏங்கறது நான் மேல சொன்ன எதிர்ப்பொருளப் பாக்கற டெஸ்ட், டோட்டல் ஐஜிஏங்கறது ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் ஒடம்புல மொத்தம் எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறது. ரெண்டையும் ஒட்டுக்காக் கேளுங்க, இது முக்கியம். சில பேருக்கு பொறவிலயே ஐஜிஏங்கறது ஒடம்புல ஊறாது, சீலியாக் காரங்கள்ல 100க்கு ரெண்டு மூனு பேரு அப்புடி, அவங்களுக்கு மொதல் டெஸ்ட் எத்தன தடவ எடுத்தாலும் பொய்யா நெகட்டிவ்தான் வரும், அவங்களுக்கு ஐஜிஜிங்கற வேற வகை எதிர்ப்பொருளப் பாக்கற டெஸ்ட் இருக்குது.

டாக்டர் 'நம்மூர்ல அதெல்லாம் வராதும்மா, அது வடக்கத்திக்காரங்க சீக்கு'ன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க, அவர் சொல்றதுலயும் ஆதாரம் இருக்குது. 2016ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல வட இந்தியாவுல 1.23 சதவீதம் பேருக்கும் தெற்குல 0.10 சதவீதம் பேருக்கும்தான் ரத்தத்துல சீலியாக் எதிர்ப்பொருள் இருந்துச்சு, அதாவது நம்ம பக்கம் ஆயிரத்துல ஒருத்தர். ஆனா அதே ஆய்வுல இந்த வியாதிக்கு எடங்குடுக்கற மரபணு ரெண்டு பக்கத்து ஜனங்ககிட்டயும் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் இருந்துச்சு, பெரிய வித்தியாசம் கோதுமை தின்னறதுல. நம்ம வூடுகள்ல சக்கரைன்னு சொன்னதும் ராத்திரிச் சோறு போயி சப்பாத்தி வந்தாச்சு, தெருவுக்கு ரெண்டு பேக்கரி, டீயோட தேங்கா பன்னு இல்லைன்னா பப்ஸ், சாயங்காலமானா ரோட்டுக்கடை காளான், அதுலயும் மைதாதான். அதனால 'வராது'ன்னு முடிச்சுராம 'அபூர்வம், ஆனா பாத்துரலாம்'னு சொல்ற டாக்டரப் புடிங்க. ஆயிரத்துல ஒருத்தருங்கறது ஊருல இருக்கற எல்லாரையும் சேத்த கணக்கு, ரத்தம் ஏறாம வவுத்தால போறவங்கள மட்டும் எடுத்தா கணக்கே வேற.

ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்தா, இல்ல நெகட்டிவ் வந்தும் தொந்தரவு தீரலைன்னா, அப்பதான் கேஸ்ட்ரோ டாக்டர். இங்கதான் நம்ம ஜனங்க கொழப்பிக்கறாங்க. போர்டுல கேஸ்ட்ரோன்னு போட்டிருந்தாலே போதும்னு நெனைக்காதீங்க, மெடிக்கல் கேஸ்ட்ரோ வேற, சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ வேற. பேருக்குப் பின்னால டி.எம். மெடிக்கல் கேஸ்ட்ரோஎன்ட்ராலஜின்னோ அதே பாடத்துல டி.என்.பி.ன்னோ இருந்தா உங்க ஆளு. எம்.சிஹெச்.னு இருந்தா ஆபரேசன் பண்றவரு, அவர் வேலைல அவர் கெட்டிக்காரர், உங்க கேஸு அவர்தல்ல. அலர்ஜி டாக்டருங்கறது கோதுமை தின்ன கொஞ்ச நேரத்துல ஒடம்பெல்லாம் தடிச்சு, ஒதடு வீங்கி, மூச்சு முட்டுதுன்னா போக வேண்டிய எடம், அது கோதுமை அலர்ஜி, அதுக்கு ஐஜிஇங்கற வேற டெஸ்ட், நீங்க எழுதுனதுல அந்த மாதிரி ஒன்னும் இல்ல. முழங்கை, முட்டி, பிட்டத்துப் பக்கம் கொப்புளமா வந்து அரிச்சுத் தள்ளுதுன்னா மட்டும் தோல் டாக்டரப் பாருங்க, சீலியாக்கே தோல்ல அப்புடி வர்றதும் உண்டு, அவர் தோலுல துளி எடுத்து அனுப்பியே கண்டுபுடிச்சுருவாரு.

உங்களுக்கு ஏற்கனவே கொழாய் வுட்டுப் பாத்தாச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த ரிப்போர்ட்ட எடுத்து வெச்சுக்கிட்டு 'பயாப்சி'ன்னு எழுதியிருக்கற எடத்தப் பாருங்க. முக்காவாசி எண்டோஸ்கோப்பில வயித்துல மட்டும் ஒரு துணுக்கு எடுத்து அல்சர் கிருமி இருக்குதான்னு பாத்துட்டு முடிச்சுருவாங்க. சீலியாக்குக்குத் துணுக்கு எடுக்க வேண்டியது அதுக்கு அடுத்து இருக்கற சிறுகொடல் ஆரம்பத்துல, டியோடினம்னு எழுதியிருக்கும். அதுலயும் ஒன்னு பத்தாது, ரெண்டாவது பகுதில குறைஞ்சது நாலு துணுக்கு, மொதல் பகுதில ஒன்னு ரெண்டு, ஏன்னா கொடல் பூராவும் ஒரே மாதிரி கெட்டிருக்காது, அங்கங்க திட்டுத்திட்டாத்தான் இருக்கும். கண்ணுக்குக் கொடல் நல்லாத் தெரிஞ்சாலும் துணுக்க மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் மடிப்பு மழுங்குனது தெரியும். உங்க ரிப்போர்ட்ல டியோடினம் பயாப்சின்னு ஒரு வரி இல்லைன்னா, உங்களுக்கு சீலியாக் டெஸ்ட் இன்னும் நடக்கவே இல்லைன்னுதான் அர்த்தம். அடுத்த தடவ போறப்ப கொழாய் உள்ள போறதுக்கு முன்னாடியே இதக் கேட்டுருங்க, போன பின்னாடி நம்ம வாயத் தொறக்க முடியாதுல்ல.

இன்னொன்னு, நம்ம தென்னாட்டுல சீலியாக் மாதிரியே ஏமாத்தற சீக்கு ஒன்னு இருக்குது. டிராபிக்கல் ஸ்ப்ரூன்னு பேரு, 1960கள்ல வேலூர் பக்கத்துக் கிராமங்கள்ல ஊரு ஊரா வந்து நெறைய பேரச் சாய்ச்ச சீக்கு. அதுலயும் கொடல் மடிப்பு இதே மாதிரி மழுங்கும், வவுத்தால போகும், ரத்தம் கொறையும். ஆனா அதுக்கும் கோதுமைக்கும் சம்பந்தமில்ல, ஆன்டிபயாடிக்கும் போலிக் ஆசிடும் பி12ம் குடுத்தாத் தீந்துரும். கியார்டியாங்கற கிருமியும் கிட்டத்தட்ட இந்த வேசம் போடும். அதனாலதான் ரத்த டெஸ்ட்டும் பயாப்சியும் ரெண்டும் ஒத்துப் போகோணும்ங்கறது, பயாப்சிய மட்டும் வெச்சுக்கிட்டு ஒருத்தர ஆயுசுக்கும் கோதுமை தின்னாதேன்னு சொன்னா அது அநியாயம். ரெண்டும் ஒத்துப் போகாம இழுத்துக்கிட்டு கெடந்தா ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8ங்கற மரபணு டெஸ்ட் எடுக்கலாம். அது ரெண்டுமே இல்லைன்னா சீலியாக் இல்லைன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிக்கலாம். இருந்தா மட்டும் ஒன்னும் நிரூபணம் ஆகாது, ஜனங்கள்ல மூனுல ஒருத்தருக்கு அது சும்மாவே இருக்கும்.

எல்லாம் நெகட்டிவ், ஆனா கோதுமைய வுட்டா வவுறு நல்லாருக்குதுன்னா? அப்புடியும் ஆளுங்க இருக்காங்க, அதுக்குன்னு தனியா டெஸ்ட் கிடையாது. கோதுமைல குளூட்டன் மட்டுமில்ல, ஃபிரக்டான்னு ஒரு வகை மாவுச்சத்தும் இருக்குது, வெங்காயம் பூண்டுலயும் அதேதான், பல பேருக்கு உப்புசம் வர்றது அதனாலதான். சில பேருக்குப் பால்தான் ஒத்துக்காம இருக்கும், பழிய சப்பாத்தி மேல போட்டுட்டு நாளைக்கு அஞ்சு டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க.

எங்க போறதுன்னா, பக்கத்துல பெருந்துறைலயும் திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்குது, கேஸ்ட்ரோ டாக்டர் எந்தக் கெழமை பாக்கறாங்கன்னு கேட்டுட்டுப் போங்க. பிரைவேட்னா அப்பாயின்ட்மென்ட் போடறப்பவே ரிசப்சன்ல மெடிக்கல் கேஸ்ட்ரோவான்னு கேட்டுக்குங்க. உள்ள போனதும் டாக்டர் உங்ககிட்ட 'இப்பக் கோதுமை சாப்புட்டுக்கிட்டு இருக்கீங்களா?'ன்னு கேட்டாருன்னா சரியான எடத்துக்கு வந்திருக்கீங்க. கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. அதச் சொல்லியும் காதுல வாங்காம டெஸ்ட் எழுதறாருன்னா, பீஸு போனாப் போச்சுன்னு வேற ஆளப் பாருங்க.

கேள்வி: மேடம், திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். எங்க லைன்ல தைக்கற பீகார் பையனோட கொழந்தைக்கு 3 வயசு, பாத்தா ஒன்னரை வயசு மாதிரி இருக்குது. வவுறு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு, கையும் காலும் குச்சி. அடிக்கடி வெளிக்கிப் போகுதாம். மூனு வேளையும் ரொட்டிதான் அவங்களுக்கு. மெடிக்கல் சாப்ல டானிக் வாங்கிக் குடுத்துக்கிட்டு இருக்கான். கோதுமைய நிறுத்திட்டு அரிசிச் சோறு குடுக்கச் சொல்லட்டுங்களா?
— சூப்பர்வைசர், திருப்பூர்

பதில்: நிறுத்தச் சொல்லாதீங்க தம்பி, இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க எழுதுனது அப்புடியே பாடப்புத்தகத்துல இருக்கற சீலியாக் கொழந்தை, அதுவும் வடக்க இருந்து வந்த, ரொட்டி தின்னு வளர்ற கொழந்தை. அதுக்காக அதுதான்னு நான் இங்க உக்காந்துக்கிட்டு முத்திரை குத்த முடியாது, டிபியா இருக்கலாம், கிருமியா இருக்கலாம், சரியான சாப்பாடே கெடைக்காம இருக்கலாம்.

மொதல்ல கொழந்தை டாக்டர். அவர் டிடிஜி ஐஜிஏ, டோட்டல் ஐஜிஏ எடுத்துப் பாத்துட்டு, சந்தேகம்னா கொழந்தைகளுக்குன்னே இருக்கற கேஸ்ட்ரோ டாக்டருக்கு எழுதிக் குடுப்பாரு. நம்ம பக்கம் அவங்க கோயமுத்தூர் மாதிரி பெரிய ஊர்லதான் இருப்பாங்க, வேலூர் சிஎம்சிக்கு அனுப்பறவங்களும் உண்டு. கொழந்தைகளுக்கு ஒரு சலுகை இருக்குது: டிடிஜி அளவு நார்மல் எல்லையப் போல 10 மடங்குக்கு மேல இருந்து, ரெண்டாவது தடவ எடுத்த ரத்தத்துல இஎம்ஏங்கற இன்னொரு எதிர்ப்பொருள் டெஸ்ட்டும் பாசிட்டிவா இருந்தா, கொழாய் வுடாமலேயே முடிவு பண்ணலாம்னு 2020ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லுது. அது அந்த டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு, பக்கத்து மெஷின்காரன் எடுக்கறதில்ல.

உங்களால ஒரு உதவி முடியும். அவனுக்குத் தமிழ் அரைகொறைன்னா இந்தி தெரிஞ்ச ஒருத்தர அன்னைக்கு அரை நாள் கூட அனுப்புங்க. 'ரொட்டி எப்ப இருந்து குடுக்கறீங்க, எடை எப்ப இருந்து ஏறல'ங்கற ரெண்டு கேள்விலதான் பாதி வியாதி இருக்குது. அங்கன்வாடில எடை போட்ட அட்டை இருந்தா அதையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க. கொழந்தை சோந்து போயி, கண்ணு உள்ள போயி, மூத்திரம் கொறைஞ்சுதுன்னா ஓபிக்குக் காத்திருக்காம நேரா அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: வூட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, 200க்கு மேல உணவுப் பொருள்ல எது ஒத்துக்காதுன்னு சொல்ற பேக்கேஜ் ஒன்னு விளம்பரம் பாத்தேனுங்க. அத எடுத்துட்டா டாக்டர் அலைச்சல் மிச்சம்தானுங்க?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: மிச்சம் ஒன்னுமில்ல, செலவுதான். அந்த மாதிரிப் பேக்கேஜ்ல பெரும்பாலும் பாக்கறது ஐஜிஜி, நீங்க அந்தப் பொருளச் சாப்புட்டுப் பழகியிருக்கீங்கன்னு மட்டுந்தான் அது சொல்லும். ரிப்போர்ட்ல தேங்காயும் பாலும் கத்திரிக்காயும் செவப்புல வரும், பொள்ளாச்சிக்காரருக்குத் தேங்கா செவப்புல வராம இருந்தாத்தான் ஆச்சரியம். அலர்ஜி டாக்டர்கள் சங்கங்களே இத எடுக்காதீங்கன்னு சொல்லுது. இதுல கோதுமை பச்சைல வந்ததுன்னு சீலியாக் இல்லைன்னும் ஆகாது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தக் காச வெச்சு டிடிஜியும் டோட்டல் ஐஜிஏவும் எடுங்க.

கேள்வி: எனக்கு சீலியாக்னு பயாப்சில உறுதி ஆயிருச்சுங்க டாக்டரம்மா. கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாம் வுட்டு ஆறு மாசம் ஆச்சு. களி, கம்மங்கூழு, சந்தகை, அரிசிம்பருப்புன்னுதான் ஓடுது. ஆனாலும் டிடிஜி இன்னும் எறங்கி முடியல. எங்க தப்புன்னு தெரியலைங்க.
— கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: எறங்கிக்கிட்டு இருக்குதுன்னாலே நல்ல சேதிதான் கண்ணு, சில பேருக்கு முழுசா எறங்க வருசத்துக்கும் மேல ஆகும். ஆனா நீங்க களி திங்கறீங்கல்ல, அந்த ராகிய எங்க அரைக்கறீங்க? மாவு மில்லுல உங்களுக்கு முன்னாடி யாரோ ரேசன் கோதுமைய அஞ்சு கிலோ கொட்டி அரைச்சுட்டுப் போயிருப்பாங்க, மெஷின் உள்ளயும் துணிப் பையிலயும் ஒட்டியிருக்கற மாவு பூரா உங்க ராகில வந்து வுழும். மில்லுக்காரர்கிட்டச் சொல்லி காலைல மில்லு கூட்டித் தொடைச்சதும் மொத ஆளா நீங்க அரைங்க, அதுவும் மொதல்ல ஒரு படி அரிசியப் போட்டு ஓட்டி அந்த மாவ ஒதுக்கிட்டு. முடிஞ்சா வூட்டுக்கே சின்ன மெஷின் வாங்கிருங்க.

அடுத்தது பெருங்காயம். கடைல வர்ற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா சேத்திருப்பாங்க, டப்பாவத் திருப்பி சின்ன எழுத்தப் படிங்க, அரிசி மாவு சேத்ததும் கெடைக்குது. சோயா சாஸ்ல கோதுமை உண்டு. மால்ட்னு எழுதுன சத்துமாவு பானம் பெரும்பாலும் பார்லி, அப்புடின்னா அதையும் வுடோணும். ஓட்ஸ்ல இயல்பா குளூட்டன் இல்லைன்னாலும் கோதுமையோடவே கலந்து வரும். 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு போட்டா கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாதுங்கறது நம்ம நாட்டு உணவுத்துறை சட்டம், அந்த எழுத்து இருக்கற பாக்கெட்டா வாங்குங்க. நோம்பிக்கு ஒப்புட்டு வேணும்னா மைதாவுக்குப் பதிலா அரிசி மாவுல தட்டிக்கலாம், ஓரம் கொஞ்சம் வெடிக்கும், ருசி போகாது.

கேஸ்ட்ரோ டாக்டர வுட்டுராதீங்க. டிடிஜிய ஆறு மாசத்துக்கு ஒருக்காவும், நார்மல் ஆனதும் வருசத்துக்கு ஒருக்காவும் பாக்கோணும், கூடவே ரத்தம், பி12, வைட்டமின் டி, தைராய்டு, எலும்பு அடர்த்தி. அப்பறம் உங்க கூடப்பொறந்தவங்க, பெத்தவங்க, புள்ளைங்க எல்லாரும் ஒருக்கா டெஸ்ட் எடுக்கோணும், அந்த உறவுல பத்துல ஒருத்தருக்குக் கிட்ட இருக்க வாய்ப்பு உண்டு, தொந்தரவே இல்லாமலும் இருக்கும். உங்களப் பாத்து அவங்களும் முன்கூட்டியே கோதுமைய நிறுத்திக்காம, பன்னும் சப்பாத்தியும் வழக்கம்போல தின்னுக்கிட்டு இருக்கறப்பவே ரத்தம் குடுக்கச் சொல்லுங்க.